பள்ளத்தின் விலை

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் நிற்கும் விளம்பரப் பலகைகளில் கிலோமீட்டரே இருக்காது. எல்லாம் நிமிடக் கணக்குதான். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து ஐந்து நிமிடம், ரயில் நிலையத்திலிருந்து மூன்று நிமிடம், இன்னும் வராத மெட்ரோவிலிருந்து இரண்டு நிமிடம். எந்த வண்டியில், எந்த நேரத்தில் என்று யாரும் கேட்பதில்லை. விடிகாலை நாலரை மணிக்கு, சிக்னல்கள் மஞ்சளில் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும்போது புரமோட்டரின் மைத்துனர் புல்லட்டில் போய் அளந்த நிமிடமாக இருக்கலாம். வீடு வாங்க வருகிறவனுக்கும் இது தெரியும். தெரிந்தேதான் நம்புகிறான். நகரத்துக்குள் தன் பணத்துக்கு ஒன்றும் அகப்படாது என்று உறுதியான பிறகு, நிமிடங்களை நம்பாமல் அவனால் அடுத்த வேலையைப் பார்க்க முடியாது.

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். வேலை சென்னைக்கு மாறியதும் குரோம்பேட்டையில் வாடகைக்கு வந்தோம். வாடகை ஏற ஏற, சொந்த வீட்டுப் பேச்சு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டது. வெளியூரிலிருந்து வந்த எல்லாக் குடும்பத்திலும் இந்தப் பேச்சு அநேகமாக ஒரே வழியில்தான் போகும். முதலில் இப்போது குடியிருக்கும் பேட்டை. கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும் அடுத்த ஸ்டேஷன். அதுவும் இல்லையென்றால் அதற்கும் அடுத்தது. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில். தண்டவாளத்தை ஒட்டியே விலை இறங்கிக்கொண்டு போகும். எந்த ஸ்டேஷனில் நம் சம்பளமும் விலையும் சந்தித்துக்கொள்கின்றனவோ அங்கே இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். மறைமலை அடிகள் வாழ்ந்தது பல்லாவரத்தில். அவர் பெயரில் துணை நகரம் அமைந்தது பல ஸ்டேஷன்கள் தள்ளி. அவருக்கும் பல்லாவரத்தில் மனை கட்டுப்படியாகவில்லை போலிருக்கிறது.

இந்த இறங்குமுகம் நேற்று தொடங்கியதல்ல. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு சென்னையின் நடுத்தர வர்க்கம் தெற்கே நகர்ந்ததெல்லாம் பெரும்பாலும் இந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டுதான். மேற்கு மாம்பலம் ஒரு காலத்தில் கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் பேர் போன மலிவுப் பேட்டை. நங்கநல்லூர் குமாஸ்தாக்களும் ஓய்வுபெற்றவர்களும் வருங்கால வைப்பு நிதியைக் கொண்டுவந்து கொட்டி மனை வாங்கிய இடம். குரோம்பேட்டைக்குப் பெயரே ஒரு தோல் பதனிடும் ஆலையிலிருந்து வந்தது. இன்றைக்கு இந்த மூன்றிலும் விலை கேட்டால் தலை சுற்றும். ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறை மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கிய இடத்தை ஏக்கத்தோடு பார்த்தபடி ரயிலில் தாண்டிப் போகிறது.

ஏரிக்குள் வீடு கட்டுவது இன்றைய பேராசைக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று பேசுவதும் நமக்கு வசதியான பொய்தான். 1920களில் தியாகராய நகரை உருவாக்க மாம்பலத்தின் நீளமான ஏரியைத்தான் வற்ற வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது. பார்க்க லேக்தான் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அரசாங்கம் ஏரியைத் தூர்த்தால் அது நகரமைப்பு. தனியார் தூர்த்தால் அது ஆக்கிரமிப்பு. தண்ணீருக்கு இரண்டும் ஒன்று.

தென்மாவட்டத்துக்காரன் தெற்கே தேடுவதற்கு விலையைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. ஊருக்குப் போகிற சாலை அது. என் கண்ணில் பட்டவரை, வேலூர், ஆரணிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குப் பூந்தமல்லியும் ஆவடியும் மனசுக்கு நெருக்கமாக இருக்கின்றன. திருச்சிக்குத் தெற்கே பிறந்தவர்களுக்கு ஜி.எஸ்.டி. சாலை. சென்னையில் வீடு வாங்கும்போதும் ஊர் இருக்கும் திசைப் பக்கம் ஒரு அடி தள்ளித்தான் வாங்குகிறோம். பொங்கலுக்கு முந்தின ராத்திரி பரனூர் சுங்கச்சாவடியில் அசையாமல் நிற்கும் வண்டி வரிசையில் இருக்கும்போது, ‘நம்ம வீடு இங்கயே இருந்தா மூணு மணி நேரம் மிச்சம்’ என்று யாராவது சொல்வார்கள். பாதி வீடுகள் அந்த வாக்கியத்தில்தான் விலை பேசி முடிக்கப்படுகின்றன. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் முனையத்தைத் திறந்தபோது, பக்கத்திலேயே போகிற தண்டவாளத்தில் ரயில் நிற்க ஒரு நிலையம் இல்லை. ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, நகரத்துக்குள் போக வழி தேடி நின்றார்கள். நகரம் மொத்தமும் புலம்பியது. ஊரப்பாக்கத்தில் வீடு வைத்திருந்தவர்கள் மட்டும் சத்தம் காட்டாமல் சிரித்துக்கொண்டார்கள்.

அளவுகளிலேயே முதல் தடுமாற்றம் வரும். எங்கள் பக்கம் சென்ட்; இங்கே கிரவுண்டு. 2400 சதுர அடி ஒரு கிரவுண்டு, அதாவது ஐந்தரை சென்ட். அடுக்குமாடியில் இந்தக் கணக்கும் செல்லாது. சூப்பர் பில்ட்-அப் என்று ஒரு பரப்பு சொல்வார்கள். அதில் மாடிப்படியும் லிஃப்டும் வாசல் காவலாளியின் நாற்காலி போட்ட இடமும் நம் பங்குக்கு வந்து சேரும். உள்ளே கால் வைத்து நடக்கிற பரப்பு கார்ப்பெட் ஏரியா. மண்ணில் நமக்கு வருவது யு.டி.எஸ்., பிரிக்கப்படாத பங்கு. ஒரே வீட்டுக்கு மூன்று அளவு. விற்கும்போது முதலாவதைச் சொல்வார்கள். குடியிருப்பது இரண்டாவதில். கட்டடம் பழசாகி இடிக்கப்படும் அன்றைக்கு மிஞ்சுவது மூன்றாவது.

பணக் கணக்கை ஒருமுறை பச்சையாகப் போட்டுப் பார்த்துவிடலாம். 50 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய வீடு. வங்கி 80 சதவீதம், 40 லட்சம் தரும். மீதிப் பத்து லட்சம் கைப்பணம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்; ஆக 9, நாலரை லட்சம். இது வீட்டுக் கடனில் சேராது. 40 லட்சத்துக்கு எட்டரை வட்டியில் இருபது வருஷம் என்றால் மாதத் தவணை 34,700 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கட்டி முடிக்கும்போது 83 லட்சத்தைத் தாண்டியிருக்கும். பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை என்று 2025 ஏப்ரலில் வந்தது. பத்து லட்சத்துக்குள் இருக்கிற சொத்துக்குத்தான். எங்கள் எல்லையில் அந்த விலைக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கலாம்.

இந்தக் கணக்கு எல்லோரும் போடுவது. எழுதப்படாத வரவு செலவு வேறே இருக்கிறது. தாம்பரம் வரைக்கும் ரயில் அடிக்கடி. தாம்பரத்துக்கு அப்பால் குறைந்துவிடும். செங்கல்பட்டு வண்டி ஒன்றைத் தவறவிட்டால் நடைமேடையில் நின்று பக்கத்து ஆளின் குடும்பக் கதை முழுவதும் கேட்கலாம். லாரித் தண்ணீர், கேன் தண்ணீர், செப்டிக் டேங்க் எடுக்கும் வண்டி, பாதாளச் சாக்கடை என்றைக்கோ வரும்போது கட்டவேண்டிய இணைப்புத் தொகை. நகரத்துக்குள் இவற்றையெல்லாம் ஒரு பாதி வரிப்பணத்தில், ஒரு பாதி முந்தைய தலைமுறையின் செலவில் யாரோ செய்து வைத்திருக்கிறார்கள். அதுதான் அங்கே வீட்டு விலையில் ஏறி நிற்கிறது. இங்கே அவை இல்லாததால் விலை குறைவு. வாங்கிய பிறகு ஒவ்வொன்றாக நாம் செய்துகொள்ள வேண்டும். மலிவு என்பதில் பெரும்பகுதி, பிறகு கொடுக்கலாம் என்று தள்ளிவைக்கப்பட்ட தொகைதான்.

ஆனால் இதெல்லாம் தெரிந்தே வாங்குவது. ரயில் குறைவு என்பது கால அட்டவணையில் இருக்கிறது, சாக்கடை இல்லை என்பது மூக்குக்குத் தெரிகிறது. விலைக்குள் ஒளிந்திருப்பது வேறொன்று. அது தண்ணீர்.

பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். வற்றாத ஆறு இல்லாத நாட்டில் மழையைத் தேக்கி விவசாயம் செய்ய நூற்றுக்கணக்கான ஏரிகள். அவை தனித்தனி அல்ல. ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து கீழே உள்ள ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே. ஏரிக்கு ஒரு பக்கம் நீர்வரத்து, மறுபக்கம் கரை. கரையில் மதகு, மதகுக்குக் கீழே வாய்க்கால், வாய்க்கால் பாயும் நன்செய். அந்த நன்செய்தான் ஆயக்கட்டு. அது ஏரியைவிடத் தாழ்வாக இருந்தால்தான் தண்ணீர் பாயும். விவசாயம் கட்டுப்படியாகாமல் போன நாளில் முதலில் மனையாக மாறியது இந்த ஆயக்கட்டுதான். சமதளம், கல் இல்லை, மரம் இல்லை, நான்கு மூலைக் கல் நட்டு மண் சாலை போட்டால் லே-அவுட் தயார். மேட்டுப் புன்செயைவிட மலிவு. ஏன் மலிவு என்று கேட்க ஆளில்லை.

நாங்கள் எல்லாம் கேட்டிருக்க வேண்டியவர்கள். கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். ஊரில் யாராவது மதகடியில் வீடு கட்டப் போகிறேன் என்றால் அவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லியிருப்போம். எந்த வயல் பள்ளம், எந்த வயல் மேடு, மறுகால் பாய்ந்தால் எந்தத் தெருவுக்கு முதலில் வரும் என்று எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி சொல்லுவாள். அவளுடைய பேரன் பட்டதாரியாகிச் சென்னைக்கு வந்து, ‘ஸ்டேஷன் நடக்கிற தூரமா? ஸ்கூல் வேன் வருமா?’ என்று மட்டும் கேட்கிறான். அறிவு போய்விடவில்லை. அது அந்த மண்ணுக்கு உரிய அறிவு. இங்கே கொண்டுவந்து போட்டால் முளைப்பதில்லை. இடம்பெயர்ந்தவனிடம் விற்பது சுலபம் என்று புரமோட்டர்களுக்குத் தெரியும். உள்ளூர்க்காரன் ஒருவன் ஆயக்கட்டு மனையில் அட்வான்ஸ் கொடுத்து நான் பார்த்ததில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்யத் தொடங்கிய மழை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டராகப் பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டு ஆட்களை எடுத்தார்கள். அந்த வெள்ளம் என்றாலே எல்லோருக்கும் செம்பரம்பாக்கம்தான் ஞாபகம். ஏரியைத் திறந்துவிட்டார்கள், மூழ்கினோம் என்பதுதான் கதை. சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் அந்தக் கதை பொருந்தும். முடிச்சூருக்குப் பொருந்தாது. செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளிலிருந்து வழிந்த தண்ணீர். அடையாறு பிறப்பதே அந்த ஏரிகளின் வழிசலில்தான். கலங்கலைத் தாண்டிய தண்ணீர் தன் பழைய வழியில் போயிற்று. அந்த வழியில் தெருக்கள் இருந்தன. செம்பரம்பாக்கத்தைக் குற்றம் சொல்வதில் ஒரு சௌகரியம் உண்டு. ஷட்டரைத் திறந்த அதிகாரி என்று ஒருவர் கிடைக்கிறார். ஏரி தானாக நிரம்பித் தானாக வழிந்தால் யாரைத் திட்டுவது? மனை போட்டவரை, அனுமதித்தவரை, வாங்கிய நம்மை. மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் முடிச்சூருக்குத் தண்ணீர் வந்தது. இடைப்பட்ட எட்டு வருஷத்தில் அங்கே விலை இறங்கிவிடவில்லை.

இதில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஒன்றுதான். இத்தனை பேர் பார்த்த தண்ணீர், எப்படி விலைக்குள் வராமல் போகிறது? சந்தை எல்லாவற்றையும் அறியும் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்துச் சந்தை ஆடி மாதத்தையும் ஆவணி மாதத்தையும்தான் அறியும். ஆடியில் பத்திரம் பதிய மாட்டார்கள் என்பதால் பில்டர்கள் தள்ளுபடி அறிவிப்பார்கள். ஆவணி பிறந்ததும் முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கூடுதல் டோக்கன் தரும் அளவுக்குக் கூட்டம். வீடு பார்ப்பது, பேசுவது, பதிவது எல்லாம் தையிலிருந்து ஆவணி வரை, மண் காய்ந்து தெருவில் புழுதி பறக்கும் காலத்தில். மழை ஐப்பசியில்தான் வரும். கார்த்திகையில் எந்தத் தரகரும் வீடு காட்டக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும், ‘மழை விடட்டும் சார், போலாம்’ என்பார்.

பத்திரங்கள் தண்ணீரைப் பற்றிப் பேசாது என்பதும் ஒரு காரணம். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரைபடம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். வக்கீல் முப்பது வருஷத்துக்குப் பார்த்து, சரி என்று எழுதிக் கொடுப்பார். அவர் பார்ப்பது நிலம் யாருக்குச் சொந்தம் என்பதை. தண்ணீர் பத்திரம் பதிந்துகொண்டு வருவதில்லை. அனுமதி பெறாத மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. இந்தப் பக்கத்தில் அப்போது பாதி மனைகள் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’தான். அடுத்த வருஷமே வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்குப் பணம் கட்டி அனுமதி வாங்கிக்கொள்ளலாம். சட்டச் சிக்கல் தீர்ந்தது. மனை முன்பு இருந்த பள்ளத்திலேயே இருந்தது. ஐநூறு சதுர மீட்டருக்கு மேலோ எட்டு வீடுகளுக்கு மேலோ போகும் திட்டங்களை ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டும் என்று ஆனது உண்மையிலேயே நல்ல காரியம். பணத்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். அதிலும் வெள்ளம் வருமா என்று ஒரு கட்டம் இல்லை.

ஆவணத்தில் தேடினால் இரண்டே இரண்டு இடங்களில் தண்ணீரின் தடம் கிடைக்கும். பழைய வருவாய்ப் பதிவேட்டில் அந்தப் புல எண் நன்செயா புன்செயா என்று பார்ப்பது. புலப்பட வரைபடத்தில் வாய்க்கால் கோடு குறுக்கே போகிறதா என்று பார்ப்பது. கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நின்றால், நமக்கு முன்னால் ஜாதிச் சான்றுக்கும் வாரிசுச் சான்றுக்கும் நிற்பவர்களின் வரிசை முடிந்த பிறகு, ‘அதெல்லாம் இப்ப எதுக்கு சார்?’ என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் காட்டுவார்.

அதைவிட நல்ல வழி ஒன்றை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அவளுக்கு ராஜபாளையம். அவள் வீட்டுக்குள் போவதற்கு முன் வெளியே சுற்றிப் பார்ப்பாள். மின்வாரியப் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது? இடுப்பளவில் இருந்தால் சரி. தலைக்கு மேலே ஏற்றியிருந்தால் யாரோ ஒரு முறை பயந்திருக்கிறார்கள். மளிகைக் கடையில் ஃபிரிட்ஜ் தரையில் நிற்கிறதா, கல் அடுக்கி அதன்மேல் நிற்கிறதா? சாலையிலிருந்து வீட்டுக்குப் படி ஏற வேண்டுமா, இறங்க வேண்டுமா? நம் ஊர்களில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே சாலை போடுவார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் சாலை கொஞ்சம் உயரும். வீடுகள் தாமாகவே பள்ளத்துக்கு இறங்கும். கீழ்த்தளத்துச் சுவரில் இடுப்பு வரைக்கும் ஒரு நிறம், மேலே ஒரு நிறம் என்று இரண்டு வண்ணத்தில் அடித்திருந்தால் அது அலங்காரம் என்று தரகர் சொல்வார்.

ஆட்களையும் அவள்தான் சரியாகத் தேர்ந்தெடுத்தாள். சொந்த வீட்டுக்காரர்களிடம் கேட்கவே மாட்டாள். ‘அவங்க சொல்ல மாட்டாங்க, அவங்க வீட்டுக்கும் சேத்துத்தான விலை குறையும்?’ என்பாள். கேட்டது வாடகைக்கு இருப்பவர்களிடம், தண்ணீர் கேன் போடும் பையனிடம், தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம். ஒரு தெருவில் எங்களைக் கூட்டிப்போன தரகர், ‘இங்க தண்ணியே நிக்காது சார், ரோடே மேடு’ என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவர் போன் பேசத் தள்ளிப் போன நேரத்தில் இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டோம். அவர் பெட்டியிலிருந்து கையை எடுக்காமல், ‘தண்ணியா? அது என்னாம்மா, ரெண்டு நாள்ல வடிஞ்சிடும்’ என்றார். பயமுறுத்த வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார்.

இப்படிக் கேட்டுக் கேட்டு எனக்குப் புரிந்தது இதுதான். ஒரு புறநகரின் உண்மை அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதைச் சொல்லாமல் இருப்பதில் சொத்து இருக்கிறது. ஒன்றும் சொந்தமில்லாதவர்கள்தான் மிச்சம். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. பள்ளத்தின் விலை குறையாமல் இருப்பதன் ரகசியம் இவ்வளவே.

கேட்கப்படாதவர்களைப் பற்றிப் பேசும்போது இன்னொரு புறநகரைத் தாண்டிப் போக முடியாது. நாங்கள் ‘தேர்ந்தெடுக்கும்’ இதே தூரத்துக்கு, தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாமல் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகர், பிறகு பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்த குடும்பங்களை வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. அங்கேயும் தண்ணீர் நிற்கும். சைதாப்பேட்டையில் வீட்டு வேலை செய்த பெண்ணுக்கு இந்தத் தூரம், வேலை போவதற்குச் சமம். எங்களுக்கு அதே தூரம் முதலீடு. புறநகர் வளர்கிறது என்று நாம் மகிழ்ந்துகொள்ளும் வாக்கியத்துக்குள் இந்த இரண்டு கூட்டமும் இருக்கின்றன. ஒரு கூட்டத்துக்குப் பலகையில் நிமிடக் கணக்கு. இன்னொன்றுக்குக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸ்.

தேர்ந்தெடுக்கிறோம் என்று நாங்கள் சொல்வதும் முழு உண்மை இல்லை. விலையும் தண்ணீரும் பார்ப்பதற்கு முன்பே ஒரு வடிகட்டல் நடந்துவிடுகிறது. ‘அங்க நம்ம ஆளுக இருக்காகளா?’ என்று ஊரிலிருந்து அத்தை போனில் கேட்கிறாள். தரகர், ‘சாருக்கு எந்த ஊரு?’ என்று தொடங்கி, குலதெய்வம் வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் எந்தத் தெருவைக் காட்டுவது என்று முடிவு செய்கிறார். ‘சைவம் மட்டும்’ என்று எழுதிய பலகைகளைக் கடந்துதான் ரயில் நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரு தெருவில் வீடு எங்களுக்குப் பிடித்திருந்தது, விலையும் படிந்தது. கடைசிப் பேச்சில் உரிமையாளர் திடீரென்று விற்கும் எண்ணம் இல்லை என்றார். அடுத்த மாதமே அது விற்றுப்போனது. காரணம் கேட்க நாங்கள் போகவில்லை. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. மனசின் எல்லைக்கு அப்படி அரசாணை போட முடியவில்லை.

கடைசியில் ஊரப்பாக்கத்தில், கட்டிப் பன்னிரண்டு வருஷமான ஒரு அடுக்குமாடியில் முதல் மாடி வீட்டை வாங்கினோம். பழைய வீடு என்பதில் எனக்குத் தொடக்கத்திலிருந்தே விருப்பம். புதுக் கட்டடம் வாக்குறுதி; பழையது சாட்சி. விரிசல் விட வேண்டிய இடத்தில் விட்டிருக்கும், ஒழுக வேண்டிய இடத்தில் ஒழுகியிருக்கும். பெரு மழைக்குத் தெருவில் முழங்காலளவு தண்ணீர் வந்து ஒரு நாள் நின்று போகும் என்பது தெரிந்துதான் வாங்கினோம். கீழ்த்தளத்தில் அப்போது வாடகைக்கு இருந்த அம்மா, எந்தப் படி வரை வந்தது என்று காலால் தொட்டுக் காட்டினார். குறையே இல்லாத இடம் எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. எந்தக் குறையோடு குடித்தனம் செய்ய முடியும் என்பதுதான் கேள்வி. ரயில் குறைவு, தண்ணீர் உப்பு, மழைக்கு ஒரு நாள் சிறை. மூன்றையும் ஏற்றுக்கொண்டோம். இரண்டு மணி நேரம் பேருந்தில் தொங்குவது, வீட்டுக்குள் தண்ணீர் வருவது, இவை இரண்டையும் ஏற்கவில்லை. இன்னொருவர் கணக்கு இதற்கு நேர்மாறாக இருக்கலாம். மறைமலைநகரில் கார்த் தொழிற்சாலையை நம்பி வீடு வாங்கிய நண்பர் ஒருவருக்கு எல்லாமே மேடாகத்தான் இருந்தது. 2022இல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தியபோது வேலை போயிற்று, தவணை நின்றபாடில்லை.

போன ஆவணியில் எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடி வீடு விலைக்கு வந்தது. தரகரோடு ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பையனுக்குத் தேனிப் பக்கம், கைக்குழந்தையோடு அந்தப் பெண். தரகர் மொட்டை மாடியைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பையன் மட்டும் கீழே இறங்கி வந்து, வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் கேட்டான்: ‘சார், மழைக்கு இங்க தண்ணி நிக்குமா?’ என் வீட்டுத் தவணை இன்னும் பாதிகூட முடியவில்லை. சங்கச் செயலாளர் பக்கத்தில்தான் நின்றார். அவர், ‘அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, இது மேடு’ என்று முந்திக்கொண்டார். நான், ‘ஒரு நாள் நிக்கும். படியில இந்த இடம் வரைக்கும் வரும். கார்த்திகைல ஒரு தடவ வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க’ என்றேன்.

அவர்கள் போன பிறகு செயலாளர் என்னிடம் வந்தார். கோபமாகக்கூட இல்லை. ‘அண்ணே, நாளைக்கு நீங்களும் விக்கத்தானே போறீங்க?’ என்றார்.